நகலெடுக்காமலே மீறலாம்: மென்பொருள் காப்புரிமையும் தனி நிரலரும்

தமிழில் ‘காப்புரிமை’ என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு சட்டங்களுக்குப் புழங்குகிறது. ஒரு பாடலை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக வழக்கு வந்தாலும் ‘காப்புரிமை மீறல்’ என்று எழுதுகிறோம். ஒரு மருந்தின் தயாரிப்பு முறையை இன்னொரு நிறுவனம் கையாண்டதாக வழக்கு வந்தாலும் அதே சொல்லைத்தான் எழுதுகிறோம். அன்றாடப் பேச்சில் இதனால் பெரிய நட்டமில்லை. நிரல் எழுதுகிறவர்களுக்கோ இந்தக் குழப்பம் ஆபத்தானது; முதல் சட்டம் பெரும்பாலும் அவர்களுக்குத் துணை நிற்கிறது, இரண்டாவது சட்டம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியாமல் வந்து வழிமறிக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் முதலாவதைப் பதிப்புரிமை என்றும், இரண்டாவதை மட்டும் காப்புரிமை என்றும் குறிப்பிடுகிறேன்.

பதிப்புரிமை காப்பது வெளிப்பாட்டை. நீங்கள் எழுதிய நிரல் வரிகள் உங்களுடையவை. அவற்றை எடுத்து ஒட்டிக்கொள்ள மற்றவருக்கு உரிமையில்லை. ஆனால் அதே வேலையைச் செய்யும் நிரலை வேறொருவர் உங்கள் வரிகளைப் பாராமல் தாமே யோசித்து எழுதினால் அது அவருடையதுதான். உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையும் கணினி நிரல்களை இலக்கியப் படைப்புகளாகவே கருதிக் காக்கச் சொல்கிறது. இந்த ஏற்பாட்டில் நிரலர் ஒழுங்காக நடந்துகொண்டால் போதும். பிறர் எழுதியதைத் திருடாதவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

காப்புரிமையில் அந்த நிம்மதி இல்லை. அது வரிகளைப் பார்ப்பதில்லை; ஒரு வேலையைச் செய்யும் வழிமுறையைப் பார்க்கிறது. அந்த வழிமுறையை நீங்கள் எந்த மொழியில் எழுதினாலும், எத்தனை வரிகளில் எழுதினாலும், அதற்கு முன் காப்புரிமையாளரின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவராக இருந்தாலும், அது மீறலாகலாம். ‘நானே யோசித்துக் கண்டுபிடித்தேன்’ என்பது பதிப்புரிமை வழக்கில் முழுமையான விடை. காப்புரிமை வழக்கில் அது விடையே இல்லை. மென்பொருள் காப்புரிமை பற்றிய சர்ச்சைகள் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் வேர்விட்டிருக்கின்றன.

காப்புரிமையை ஓர் ஒப்பந்தமாகப் பார்ப்பது வழக்கம். கண்டுபிடித்தவர் தம் கண்டுபிடிப்பை மறைத்து வைக்காமல் ஊரறியச் சொல்லிவிட வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு மற்றவர்கள் அதைச் செய்யாமல் தடுக்கும் உரிமையை அரசு அவருக்குத் தருகிறது. கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். துறை அறிந்த ஒருவருக்குத் தானாகவே தோன்றிவிடக் கூடியதாக இருக்கக் கூடாது. ஏதேனும் பயன் தர வேண்டும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. பல ஆண்டு சோதனைக்குப் பின் சந்தைக்கு வரும் மருந்துக்கு 20 ஆண்டு என்பது பொருந்தவும் கூடும். ஒரு நிரல்மொழி பிறந்து, புகழ்பெற்று, மறக்கப்படுவதற்கே அவ்வளவு காலம் ஆகாத துறையில் 20 ஆண்டு என்பது ஒரு யுகம்.

காப்புரிமை ஆவணத்தில் நீண்ட விளக்கமும் வரைபடங்களும் இருக்கும். ஆனால் சட்டப்படி எடை உள்ள பகுதி கடைசியில் எண்ணிட்டு வரும் உரிமைக்கோரல்கள்தாம். ஒவ்வொரு கோரலும் பல கூறுகளைச் சேர்த்த ஒரே நீண்ட வாக்கியம். அந்தக் கூறுகள் அனைத்தும் உங்கள் நிரலில் இருந்தால் மீறல். ஒன்று குறைந்தாலும் பொதுவாக மீறலில்லை. ஆவணத்தின் தலைப்பைப் பார்த்து அஞ்சுவதும், தலைப்பைப் பார்த்து அலட்சியப்படுத்துவதும் தவறாவது இதனால்தான்.

இந்தக் கோரல்கள் எவ்வளவு சிறிய விஷயத்தின் மேலும் உட்காரக் கூடும் என்பதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் பார்க்கலாம். திரையில் ஒரு படம் இருக்கிறது; அதன்மேல் ஒரு அம்புக்குறி நகர வேண்டும்; அம்புக்குறி நகர்ந்த பிறகு அடியிலிருந்த படம் பழையபடி இருக்க வேண்டும். இதற்கு எக்ஸார் என்ற செயல் போதும். இரண்டு பிட்டுகளை ஒப்பிட்டு, அவை வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0 என்று விடை தருவது எக்ஸார். படத்தின் ஒரு பகுதி 1011 என்றும், அம்புக்குறி 0110 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் எக்ஸார் செய்தால் 1101 கிடைக்கும். திரையில் அம்புக்குறி தெரியும். அந்த 1101ஐ மீண்டும் 0110உடன் எக்ஸார் செய்தால் 1011 திரும்பி வந்துவிடும். அம்புக்குறி மறைந்து படம் மிஞ்சும். முதலாண்டு மாணவர் ஒருவர் கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் கண்டடையக் கூடிய இந்த உத்தியைத் தழுவிய ஒரு காப்புரிமை 1980இல் அமெரிக்காவில் வழங்கப்பட்டது. கேட்ட்ராக் என்ற நிறுவனம் அதைக் காட்டிப் பிறரிடம் பணம் கோரியது.

கணிதத்துக்குக் காப்புரிமை கிடையாது என்று படித்திருக்கிறோமே, பிறகு இதெல்லாம் எப்படி என்ற கேள்வி எழும். அமெரிக்க நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியோடு அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. தசம எண்களின் ஒரு குறியீட்டு வடிவத்தை இரும எண்களாக மாற்றும் முறைக்குக் காப்புரிமை கேட்ட வழக்கில், 1972இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. கொடுத்தால் அந்தக் கணித முறை முழுவதும் ஒருவர் கைக்குப் போய்விடும் என்பது காரணம். 1981இல், ரப்பரைப் பதப்படுத்தும் நேரத்தைக் கணினியால் கணக்கிடும் முறைக்குக் காப்புரிமை தரலாம் என்றது, அங்கே ஒரு பொருள் உண்மையில் மாற்றமடைகிறது என்பதால். 1998இல் கீழமை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, முதலீட்டு நிதிகளைக் கணக்கிடும் ஒரு நிரலை ஏற்று, பயனுள்ள, தெளிவான விளைவு இருந்தால் போதும் என்றது. அணை உடைந்தது போல விண்ணப்பங்கள் குவிந்தன. அமேசானின் ‘ஒரே சொடுக்கில் வாங்கும்’ முறைக்கான காப்புரிமை 1999இல் வழங்கப்பட்டது இந்த அலையில்தான். அது 2017 வரை உயிரோடு இருந்தது. 2014இல், ஆலிஸ் வழக்கில், ஓர் அருவமான கருத்தைக் கணினியில் செய்து காட்டுவதால் மட்டும் அது காப்புரிமைக்குத் தகுதி பெற்றுவிடாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் பல மோசமான காப்புரிமைகள் விழுந்தன. ஆனால் எது அருவம், எது அருவமில்லை என்ற எல்லைக்கோட்டை அத்தீர்ப்பு வரையவில்லை; ஒவ்வொரு காப்புரிமையையும் தனித்தனியாக வழக்காடித்தான் வீழ்த்த வேண்டியிருக்கிறது.

மற்ற நாடுகளில் சட்டத்தின் சொற்கள் கண்டிப்பானவை, நடைமுறை அவ்வளவு கண்டிப்பானதில்லை. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 52ஆம் பிரிவு கணினி நிரல்களை விலக்குகிறது. ஆனால் ‘நிரல் என்ற அளவில் மட்டும்’ என்ற ஒரு வால் அதில் ஒட்டியிருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டே, தொழில்நுட்ப விளைவு உண்டு என்று காட்டிப் பல மென்பொருள் காப்புரிமைகள் அங்கே நுழைந்திருக்கின்றன. இதை எல்லா நாடுகளுக்கும் ஒன்றுபோல ஆக்க வந்த ஐரோப்பியச் சட்ட முன்வரைவை, நிரலர்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பின், 2005 ஜூலை 6 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 648க்கு 14 என்ற வாக்குகளில் தூக்கியெறிந்தது. இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவும் கணித முறை, வணிக முறை, நிரல், அல்காரிதம் ஆகியவற்றை விலக்கிவிட்டு, நிரலுக்கு மட்டும் அதே போன்ற வாலை ஒட்டியிருக்கிறது. ‘தொழில்நுட்ப விளைவு’ பற்றிய விவாதம் அங்கேயும் ஓய்ந்தபாடில்லை. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியாகப் பெறப்படுவது. ஆனால் இணையத்தில் வெளியிட்ட நிரல் எல்லா நாடுகளிலும் ஒரே நாளில் இறங்குகிறது. ஆகவே நீங்கள் எங்கே உட்கார்ந்து எழுதுகிறீர்கள் என்பதைவிட, உங்கள் நிரல் எங்கே பயன்படுகிறது, விற்கப்படுகிறது என்பதே பெரும்பாலும் முக்கியம்.

ஜிஃப் படங்களின் கதை

கோட்பாடு போதும். காப்புரிமை ஒரு தொழில்நுட்பத்தை எப்படி நடுவழியில் பிடிக்கிறது என்பதைக் காட்டுவதற்கு ஜிஃப் கோப்புகளின் கதையைவிடச் சிறந்ததை நான் அறியேன்.

1977, 1978 ஆண்டுகளில் யாக்கோப் சிவ், ஆபிரகாம் லெம்பெல் என்ற இரண்டு அறிஞர்கள் தரவைச் சுருக்கும் இரண்டு முறைகளை ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதில் ஒன்றை டெர்ரி வெல்ச் மேம்படுத்தி, 1984இல் ஒரு கணினி இதழில் எளிமையாக விளக்கி எழுதினார். மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அது எல்.இசட்.டபிள்யூ. என்று அழைக்கப்பட்டது. கட்டுரையைப் படித்த நிரலர்கள் மகிழ்ந்து எடுத்துக்கொண்டார்கள். யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்புகளைச் சுருக்கும் ‘கம்ப்ரெஸ்’ கருவி அதைக் கொண்டு எழுதப்பட்டது. அந்த முறைக்கு 1983 ஜூனிலேயே வெல்ச் வேலை பார்த்த ஸ்பெர்ரி நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தது என்ற செய்தி அந்தக் கட்டுரையில் இல்லை. அப்போதைய அமெரிக்க விதிகளின்படி, காப்புரிமை வழங்கப்படும் வரை விண்ணப்பங்கள் இரகசியமாகவே இருந்ததால், தேடிப் பார்த்தவருக்கும் கிடைத்திருக்காது. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அதே முறையைத் தழுவும் இன்னொரு விண்ணப்பத்தை மூன்று வாரம் முன்னதாக ஐபிஎம் கொடுத்திருந்தது. காப்புரிமை அலுவலகம் இரண்டுக்குமே காப்புரிமை வழங்கியது. ஒரே அல்காரிதம் இரண்டு பேருக்குச் சொந்தமானதை அந்த அலுவலகமே கவனிக்கவில்லை என்றால், தனியாக உட்கார்ந்து நிரல் எழுதுபவர் எப்படிக் கவனிப்பார்?

1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் ஜிஃப் வடிவத்தை உருவாக்கி, யாரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது, உள்ளே எல்.இசட்.டபிள்யூ. இருந்தது. உலகளாவிய வலை பரவியபோது ஜிஃப் படங்களும் அதனோடு பரவின. 1994 டிசம்பர் இறுதியில், ஸ்பெர்ரியின் வாரிசான யூனிசிஸ் நிறுவனமும் கம்ப்யூசர்வும் சேர்ந்து, ஜிஃப் படங்களைக் கையாளும் மென்பொருள்களுக்கு இனி உரிமக் கட்டணம் உண்டு என்று அறிவித்தன. ஏழு ஆண்டு கட்டணமின்றிப் பயன்பட்டு, வலை முழுவதும் வேரூன்றிய பிறகு வந்த அறிவிப்பு அது.

நிரலர்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமே மாற்று வடிவம் பற்றிய பேச்சு தொடங்கியது. பிஎன்ஜி வடிவம் பிறந்து, 1996 அக்டோபரில், வலைத் தரங்களை வகுக்கும் வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையானது. கம்ப்ரெஸ் கருவிக்குப் பதிலாக ‘ஜிஜிப்’ அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. இரண்டு மாற்றுகளுமே பழையவற்றைவிடத் தரமானவை என்பது உண்மை. காப்புரிமை புதுமையைத் தூண்டியதற்குச் சான்று என்று இதைச் சிலர் காட்டுவதுண்டு. என் பார்வையில் இது, வீட்டில் தீப்பிடித்ததால் புது வீடு கட்டினோம் என்பது போன்ற வாதம். எத்தனையோ பேரின் உழைப்பு, ஏற்கெனவே தீர்ந்துவிட்ட ஒரு சிக்கலை இரண்டாம் முறை தீர்ப்பதற்குச் செலவானது. யூனிசிஸின் அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூன் 20 அன்று காலாவதியானது.

தனியாக எழுதுபவரின் கணக்கு

பெரிய நிறுவனத்துக்கும் தனி நிரலருக்கும் காப்புரிமைச் சட்டம் ஒன்றுதான்; செலவு ஒன்றல்ல. இரண்டு பெரிய நிறுவனங்கள் மோதும்போது இருவரிடமும் ஆயிரக்கணக்கான காப்புரிமைகள் இருக்கும். ‘நீ என்மேல் வழக்குப் போட்டால் நான் உன்மேல் போடுவேன்’ என்ற நிலையில் கடைசியில் பரஸ்பர உரிமம் எழுதிக்கொண்டு பிரிவார்கள். தனி நிரலரிடம் பதிலுக்குக் காட்ட எதுவும் இல்லை. தம் முக்கியக் கருத்துக்குத் தாமே ஒரு காப்புரிமை பெற்றுக்கொள்ளலாம் என்றால், விண்ணப்பக் கட்டணமும் வழக்குரைஞர் கட்டணமும் சேர்ந்து பல ஆயிரம் டாலராகும். அதைப் பெற்றாலும் எதுவும் தயாரிக்காத நிறுவனத்துக்கு எதிரே அது செல்லாக்காசு. எதையும் தயாரிக்காமல், காப்புரிமைகளை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்புவதையே தொழிலாக நடத்தும் இத்தகைய நிறுவனங்களை ‘டிரோல்’ என்று அழைக்கிறார்கள். தயாரிப்பு ஏதும் இல்லாதவர்மேல் என்ன மீறல் வழக்குப் போட முடியும்?

2011இல் லாட்சிஸ் என்ற நிறுவனம், ஐபோனுக்குச் சிறுசிறு செயலிகளை எழுதி விற்ற தனி நிரலர்களுக்கு நோட்டீஸ் அனுப்பத் தொடங்கியது. செயலிக்குள்ளிருந்தே பணம் செலுத்தி மேம்பட்ட பதிப்பை வாங்கும் பொத்தான், தன் காப்புரிமையை மீறுகிறது என்பது குற்றச்சாட்டு. அந்த வசதியை நிரலர்கள் தாமாக உருவாக்கவில்லை. ஆப்பிள் கொடுத்த கருவியை, ஆப்பிள் சொன்ன விதத்தில் பயன்படுத்தினார்கள். ஆப்பிளுக்கு அந்தக் காப்புரிமைக்கான உரிமம் ஏற்கெனவே இருந்தது. அது தன் நிரலர்களையும் காக்கும் என்று ஆப்பிள் வாதிட்டது, லாட்சிஸ் மறுத்தது. கேட்ட தொகை அமெரிக்க விற்பனை வருமானத்தில் 0.575 விழுக்காடு.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 20,000 டாலர் ஈட்டும் ஒரு செயலிக்கு இது 115 டாலர். வழக்குரைஞரிடம் ஒரு மணி நேரம் பேசுவதற்கே அதைவிட அதிகம் ஆகும். காப்புரிமை வழக்கை இறுதிவரை நடத்தினால் செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டுவது அரிதல்ல. ஆகவே தம் பக்கம் நியாயம் இருப்பதை உறுதியாக நம்புகிறவரும் 115 டாலரைக் கொடுத்துவிடுவதுதான் சிக்கனம். கொடுத்துவிட்டால் அந்தக் காப்புரிமை செல்லுமா என்ற கேள்வி நீதிமன்றத்தின் வாசலைக்கூட மிதிக்காது. பலவீனமான காப்புரிமை பலவீனமாக இருப்பது வெளியே தெரியாமலே அடுத்த ஆளிடம் போகிறது. சிறிய தொகையைக் கேட்பது தாராள மனத்தால் அன்று. அந்தத் தொழிலின் சூட்சுமமே அதுதான்.

அப்படியானால் எழுதத் தொடங்குவதற்கு முன்பே காப்புரிமைகளைத் தேடிப் படித்துவிட்டால் என்ன? இங்கேதான் சட்டம் ஒரு விசித்திரமான முடிச்சைப் போட்டு வைத்திருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில், தெரிந்தே மீறியதாக நிறுவப்பட்டால் நட்ட ஈட்டை மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். படித்துவிட்டு, ‘இது நம்மைத் தொடாது’ என்று நல்லெண்ணத்தோடு முடிவு செய்து தொடர்ந்தவர், படிக்காதவரைவிட மோசமான நிலையில் நிற்க நேரலாம். இதனால் பல நிறுவனங்களின் வழக்குரைஞர்களே தம் நிரலர்களிடம் காப்புரிமைகளைப் படிக்க வேண்டாம் என்று சொல்லி வைக்கிறார்கள். ஊரறியச் சொல்வதற்காக ஏற்பட்ட ஆவணங்கள், படிக்கப்படாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற நிலைக்கு வந்திருக்கின்றன. படித்தாலும் அந்த மொழி நிரலருக்குப் புரியும்படி இருக்காது என்பது வேறு விஷயம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுவது முறை. சிறியவரைக் காக்கவே காப்புரிமை இருக்கிறது என்று வாதிடுபவர்களிடம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஐ4ஐ என்ற சிறிய கனடிய நிறுவனம், ஆவணங்களின் கட்டமைப்பைத் தனியாகக் கையாளும் தன் முறையை மைக்ரோசாஃப்ட் வேர்டு மீறியதாக வழக்குத் தொடுத்து, ஏறத்தாழ 29 கோடி டாலர் நட்ட ஈட்டை வென்றது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் அதே தீர்ப்புதான், வழங்கப்பட்ட காப்புரிமை செல்லாது என்று காட்ட விரும்புபவர் சாதாரணச் சான்றல்லாமல் தெளிவான, நம்பவைக்கும் சான்றைத் தர வேண்டும் என்பதையும் உறுதி செய்தது. ஒரு சிறு நிறுவனத்தை வெல்ல வைத்த அந்த அளவுகோல், நோட்டீஸ் கிடைத்த அத்தனை சிறு நிரலர்களின் தலைமேலும் விழுகிறது.

திறமூலத்துக்கு மட்டும் உள்ள சிக்கல்

திறமூல உரிமங்கள் பதிப்புரிமையின் தோளில் ஏறி நிற்பவை. எழுதியவர், ‘என் வரிகளை நீங்கள் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம்’ என்று சொல்கிறார். அவருடையதை அவர் தரலாம். மூன்றாம் மனிதர் ஒருவரிடம் உள்ள காப்புரிமையை அவரால் தர முடியாது. புதியவர்கள் பலரும் தவறவிடும் இடம் இது. கட்டற்ற உரிமத்தில் கிடைத்த நிரல் என்பதால் அதைப் பயன்படுத்த எல்லா அனுமதியும் கிடைத்துவிட்டது என்று நினைப்பது சரியில்லை.

அடுத்தது, ராயல்டி கணக்கிடும் முறை. காப்புரிமைக் கட்டணங்கள் பெரும்பாலும் பிரதிக்கு இவ்வளவு என்று விதிக்கப்படுகின்றன. விற்கும் நிறுவனம் அதை விலையில் சேர்த்துக்கொள்ளும். திறமூல நிரலுக்கு விலை இல்லை. அதைவிட, எத்தனை பிரதிகள் உள்ளன என்பதை எண்ணவே வழியில்லை. பெற்றவர் பிறருக்குத் தரலாம் என்பதே உரிமத்தின் உயிர்நாடி. அப்படி இருக்க, கட்டணம் ஒரு காசாக இருந்தாலும் அதைக் கட்ட ஆள் இல்லை.

சிஸ்கோவின் ஓப்பன்எச்264 இந்த முரணை ஒரே காட்சியில் காட்டுகிறது. எச்.264 என்ற காணொளிச் சுருக்க முறை பல நிறுவனங்களின் காப்புரிமைகளால் சூழப்பட்டது. 2013இல் சிஸ்கோ, அந்த முறையைச் செயல்படுத்தும் நிரலைத் திறமூலமாக வெளியிட்டு, அதைக் கணினி நேரடியாக இயக்கும்படி தான் தொகுத்துத் தரும் கோப்புக்கு மட்டும் காப்புரிமைக் கட்டணத்தைத் தானே கட்டுவதாக அறிவித்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி அந்தக் கோப்பைத் தன்னோடு சேர்த்துத் தராமல், பயனரின் கணினியில் நிறுவிய பின் சிஸ்கோவின் வழங்கியிலிருந்தே இறக்கிக்கொள்வது இதனால்தான். மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம். ஆனால் நீங்களே தொகுத்துப் பகிர்ந்தால், ஒரு எழுத்தைக்கூட மாற்றாவிட்டாலும், அந்தப் பிரதிக்குக் கட்டணம் கட்டியவர் யாருமில்லை. நல்ல உள்ளத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடுதான். ஆனாலும் பதிப்புரிமை திறந்துவிட்ட கதவைக் காப்புரிமை பாதியில் பிடித்து நிறுத்தியிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காண முடியாது.

எம்பி3யின் கதையும் இதே வகை. 1998இல் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் எம்பி3 உருவாக்கும் மென்பொருள்களை எழுதியவர்களுக்குக் கடிதங்கள் அனுப்பியது. காப்புரிமைத் தடை இல்லாத ஒலி வடிவம் வேண்டும் என்ற முனைப்போடு ஆக் வோர்பிஸ் வளர்ந்தது. லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தின் ஒரு தொகுப்பாக 2002இல் வெளிவந்த ரெட்ஹாட் லினக்ஸ் 8.0இல் எம்பி3 பாடும் வசதியே நீக்கப்பட்டிருந்தது. லினக்ஸை நிறுவிய கையோடு பாட்டுக் கேட்க முயன்று, எங்கெங்கோ தேடிக் கூடுதல் தொகுப்புகளை இறக்கிய தலைமுறை, ‘லினக்ஸில் பாட்டுக்கூடப் பாடாது’ என்று குறைபட்டது. எழுதத் தெரியாமல் விடுபட்ட வசதி அல்ல அது. அந்த உரிமத் திட்டம் முடிவுக்கு வந்தது 2017இல்தான். 2022இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் தொகுப்பு, எச்.264, எச்.265 காணொளிகளை வன்பொருள் துணையோடு இயக்கும் பகுதியைத் தன் தொகுப்பிலிருந்து எடுத்ததும் இதே காரணத்தால். காப்புரிமையின் பாதிப்பு பெரும்பாலும் இப்படித்தான், வழக்காக இல்லாமல், இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போவதாக வெளிப்படுகிறது. இல்லாததை யாரும் கணக்கெடுப்பதில்லை.

சுற்றிப் போகும் வழிகள்

உரிமைக்கோரலின் எல்லாக் கூறுகளும் பொருந்தினால்தான் மீறல் என்று மேலே சொன்னேன். திறமை உள்ள நிரலருக்கு அந்த விதி ஒரு கதவு. பழைய ஃபாட் கோப்பு முறைமையில் கோப்பின் பெயருக்கு 8 எழுத்தும் நீட்சிக்கு 3 எழுத்தும் மட்டுமே இடம் இருந்தது. பின்னர் நீண்ட பெயர்கள் வந்தபோது, பழைய நிரல்களும் வேலை செய்வதற்காக ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நீண்ட பெயரும் ஒரு குறும்பெயரும் சேர்த்துப் பதியப்பட்டன. இந்த இரட்டைப் பெயர் முறைக்கு மைக்ரோசாஃப்ட் காப்புரிமை வைத்திருந்தது. 2009இல், லினக்ஸைக் கொண்டு வழிகாட்டிக் கருவிகள் செய்த டாம்டாம் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தபோது இந்தக் காப்புரிமைகளும் அதில் இடம்பெற்றன. வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டு, சாம்பா மென்பொருளால் அறியப்பட்ட ஆண்ட்ரூ டிரிட்ஜெல், லினக்ஸின் மையப் பகுதியான கருவுக்கு ஒரு திருத்தம் எழுதினார். அதன்படி ஒரு கோப்புக்கு நீண்ட பெயரோ குறும்பெயரோ ஏதேனும் ஒன்றுதான் முறையாக எழுதப்படும், இரண்டும் ஒருபோதும் சேர்ந்து எழுதப்படாது. கோரலின் சொற்களை ஒரு பிழைச் செய்தியைப் படிப்பது போலப் படித்து, அதற்கேற்ப நிரலை மாற்றியிருக்கிறார். இரசிக்கத்தக்க வேலை, ஆனால் டிரிட்ஜெல் போன்ற ஒருவரின் நேரம் இதற்குச் செலவாக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் இரசிக்க வேண்டும்.

உரிமங்களும் காலப்போக்கில் பாடம் கற்றன. எம்ஐடி, பிஎஸ்டி போன்ற பழைய உரிமங்கள் காப்புரிமை என்ற சொல்லையே உச்சரிப்பதில்லை. 2004இல் வந்த அப்பாச்சி 2.0 உரிமம், நிரலைப் பங்களித்தவர் அந்தப் பங்களிப்பைத் தொடும் தம் காப்புரிமைகளையும் சேர்த்தே தருகிறார் என்று எழுதியது. அந்த மென்பொருள் தன் காப்புரிமையை மீறுவதாக யாரேனும் வழக்குப் போட்டால், அவருக்குக் கிடைத்த காப்புரிமை அனுமதி அன்றோடு இரத்தாகும். 2007இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பும் இதே திசையில் சென்றது. நிறுவனங்களின் பங்களிப்பை எதிர்பார்க்கும் திட்டத்தைத் தொடங்குபவர், ‘சுருக்கமாக இருக்கிறது’ என்பதற்காக மட்டும் எம்ஐடி உரிமத்தைத் தேர்வதற்கு முன் இந்த ஒரு வேறுபாட்டை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. மூன்றாம் மனிதரின் காப்புரிமைக்கு முன்னால் எந்த உரிமமும் உதவாது. ஆனால் உள்ளே இருந்துகொண்டே குத்துபவரை இவை தடுக்கும்.

கூட்டாக நிற்பதும் ஒரு வழி. 2005இல் ஐபிஎம், ரெட்ஹாட், நோவல், சோனி, பிலிப்ஸ் ஆகியவை தொடங்கிய ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க்கில் சேர்கிறவர்கள், லினக்ஸ் சார்ந்த மென்பொருள்களுக்காகத் தம் காப்புரிமைகளை ஒருவருக்கொருவர் கட்டணமின்றித் தந்துகொள்கிறார்கள். லினக்ஸும் பிற திறமூல மென்பொருள்களும் தன் 235 காப்புரிமைகளை மீறுவதாக 2007இல் சொன்ன மைக்ரோசாஃப்டே 2018இல் 60,000க்கும் மேற்பட்ட காப்புரிமைகளோடு இதில் சேர்ந்தது. இதன் குறை ஏற்கெனவே சொன்னதுதான்: எதையும் தயாரிக்காதவருக்கு இதில் சேர எந்தக் காரணமும் இல்லை.

அத்தகைய நிறுவனம் ஒன்று 2019இல், லினக்ஸுக்கான திரைச்சூழலை உருவாக்கும் குனோம் அறக்கட்டளையின்மேல் வழக்குத் தொடுத்தது. ஷாட்வெல் என்ற படத்தொகுப்பு நிரலில், படங்களைத் தேர்ந்து வடிகட்டிப் பகிரும் வசதி குற்றஞ்சாட்டப்பட்டது. சமரசம் பேசி முடிப்பது மலிவாக இருந்திருக்கும். அறக்கட்டளையோ பொதுமக்களிடம் நிதி திரட்டிக்கொண்டு எதிர்த்து நின்றது. 2020 மே மாதம் வழக்கு முடிந்தபோது, குனோமுக்கு மட்டுமல்லாமல், அங்கீகரிக்கப்பட்ட திறமூல உரிமத்தில் வெளியான எந்த மென்பொருளின்மேலும் தன் காப்புரிமைகளைக் காட்டி வழக்குத் தொடுப்பதில்லை என்று எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டது. 115 டாலர் கணக்கைத் தலைகீழாக்கிய நிகழ்ச்சி என்றே இதைச் சொல்வேன். ஆனால் அதற்கு ஒரு அறக்கட்டளையும், கட்டணம் வாங்காமல் வாதாட முன்வந்த வழக்குரைஞர்களும், ஆயிரக்கணக்கானோரின் நன்கொடையும் தேவைப்பட்டன.

இவை எதுவும் கைகூடாதபோது எஞ்சுவது காத்திருத்தல். எழுத்துருக்களைத் திரையில் வரையும் ஃப்ரீடைப் என்ற நூலகத்தில், சிறிய எழுத்துகள் மங்காமல் தெரிவதற்காக எழுத்துருவுக்குள்ளேயே பொதிந்திருக்கும் கட்டளைகளை இயக்கும் பகுதி ஒன்று உண்டு. அதை ஆப்பிளின் காப்புரிமைகள் தொடுவது தெரியவந்ததும், அதை இயல்பாக அணைத்து வைத்துவிட்டு, எழுத்தின் வடிவத்தை ஆராய்ந்து தானே திருத்திக்கொள்ளும் வேறொரு முறையை எழுதினார்கள். பழைய பகுதி அழிக்கப்படவில்லை. மூலநிரலில் ஒரு வரியை மாற்றித் தொகுத்தால் அது உயிர்பெறும். விவரம் அறிந்தவர்கள் தம் கணினியில் மாற்றிக்கொண்டார்கள், மற்றவர்கள் லினக்ஸ் திரையில் எழுத்துகள் ஏன் மங்கலாக இருக்கின்றன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2010 மே மாதம் அந்தக் காப்புரிமைகள் காலாவதியாயின. அதன்பின் ஜூலையில் வெளியான 2.4ஆம் பதிப்பில் அந்த வசதி எல்லோருக்கும் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது.